விழுதலும் இறங்குதலும்

தோல்விக்கு ஒரு தரை வேண்டும். விழுகிறவன் எதன் மேலாவது விழ வேண்டும். தரை இல்லாத இடத்தில் ஒருவன் விழுந்துகொண்டே இருக்கிறான் என்றும் சொல்லலாம், விழவே இல்லை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. இதை ஒரு கால்பந்து அணியின் ஒரு வருஷத்தை வைத்து யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இலக்கியப் பத்திரிகையில் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆல்பெர் காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர். மனிதர்களின் கடமை பற்றித் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மைதானத்தில் கற்றதாக எழுதியவர். நம்மவர்கள் அவருடைய சிஸிபஸை எடுத்துக்கொண்டு கோல்கீப்பரை விட்டுவிட்டார்கள். பாறையை உருட்டுவதைவிட, தன்னைத் தாண்டி வலைக்குள் போன பந்தைக் குனிந்து எடுப்பது நமக்கு நெருக்கமான காரியம் என்று எனக்குப் படுகிறது.

1

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. பெங்களூர் அணி தன் சொந்த மைதானத்தில் முதல் கோலைப் போட்டது. சென்னை மூன்று திருப்பிப் போட்டு 3-2 என்று ஜெயித்தது. 2015இல் வென்றதற்குப் பிறகு இது இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில், அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் கீழ், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு, அந்த அணி பதினெட்டு ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 2. சமன் 3. தோற்றவை 13. மொத்தம் 9 புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது இடம்.

இந்த எண்களுக்குள் ஒரு வருஷத்தின் உடம்பு இருக்கிறது. மூன்று கோல் போட்டும் நான்கு வாங்கி வடகிழக்கு அணியிடம் தோற்ற ஆட்டம் இருக்கிறது. முந்தைய சீசனில் 9 கோல் போட்ட ஜெஜே லால்பெக்லுவா, அந்தச் சீசனின் லீகில் ஒரே ஒரு கோலோடு நின்றது இருக்கிறது. அந்த ஒன்றும் பிப்ரவரியில்தான் வந்தது; வந்தது பெங்களூருக்கு எதிராக; அந்த ஆட்டத்தில் சென்னை 2-1 என்று ஜெயித்தது. சென்ற வருஷம் யாரை வென்று உச்சிக்குப் போனார்களோ அவர்களையே அடியில் கிடந்தபடி இன்னொரு முறை வென்றார்கள். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்பதே இதன் துக்கம்.

ஏன் அர்த்தம் கிடையாது? சீசன் முடிந்ததும் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவதாக வந்த அணி, முதலாவதாக வந்த அணி இருந்த அதே லீகில் மறுவருஷமும் இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அங்கே கீழே இறங்குவது என்ற நியதி இருக்கவில்லை. இடம் பணம் கொடுத்து வாங்கியது. வாங்கியவனை ஆட்டம் வெளியே தள்ளவில்லை. 2024-25இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், 1891இல் பிறந்த பழைய கிளப், கடைசியில் வந்தது. அதுவும் இறக்கப்படவில்லை.

நடக்காமல் போன தண்டனை நல்லதுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன் தண்டனை நடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

2

இங்கிலாந்தில் லீக் 1888இல் பன்னிரண்டு கிளப்புகளோடு ஆரம்பித்தது. 1892இல் இரண்டாம் பிரிவு வந்தது. மேல்பிரிவின் கடைசிகளும் கீழ்ப்பிரிவின் முதல்களும் தமக்குள் மோதி இடத்தைத் தீர்மானிப்பது அப்போதைய ஏற்பாடு. 1898இல் ஸ்டோக், பர்ன்லி என்ற இரண்டு கிளப்புகளுக்கும் அப்படி ஒரு மோதல். சமனில் முடிந்தால் இருவரும் மேல்பிரிவில் இருக்கலாம் என்ற நிலை. இருவரும் கோல் பக்கமே போகாமல் தொண்ணூறு நிமிஷத்தை ஓட்டி 0-0 என்று முடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்களின் கோபத்தைத் தொடர்ந்து அந்த ஏற்பாடு ஒழிந்தது. அதற்கடுத்த சீசனிலிருந்து கடைசியில் வந்தவன் தானாகவே இறங்குவான், முதலில் வந்தவன் தானாகவே ஏறுவான் என்று ஆனது. இந்த நியதி ஏதோ தர்ம சிந்தனையில் பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பொய்யைத் தாங்க முடியாமல் பிறந்தது. ஆனால் ஒழுக்க நியதிகளில் உருப்படியானவை பலவும் அப்படிப் பிறந்தவைதான்.

அந்த நியதி எவ்வளவு குருடாக வேலை செய்யும் என்பதற்கு மான்செஸ்டர் சிட்டி சாட்சி. 1937இல் சாம்பியன். 1938இல் இருபத்திரண்டு கிளப்புகளில் இருபத்தொன்றாவதாக வந்து கீழே இறங்கியது. அந்த வருஷம் அந்தப் பிரிவிலேயே அதிக கோல், 80 கோல், போட்டதும் அந்தக் கிளப்தான். ஆங்கிலக் கால்பந்தில் சாம்பியன் மறுவருஷமே இறங்கியது அந்த ஒரு முறைதான். சென்னைக்கு நேர்ந்ததும் அதே கதை, கடைசி வரி மட்டும் இல்லை.

டெர்பி கவுன்ட்டியின் 2007-08 சீசன் இன்னும் கடுமை. முப்பத்தெட்டு ஆட்டங்கள். ஒரே ஒரு வெற்றி, செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக. போட்ட கோல் 20, வாங்கிய கோல் 89. மொத்தம் 11 புள்ளிகள். மார்ச் 29 அன்றே இறக்கம் உறுதியாகிவிட்டது. இன்னும் ஆறு ஆட்டங்கள் பாக்கி. அந்த வருஷம் அதன் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக முப்பத்திரண்டாயிரம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். செப்டம்பருக்குப் பிறகு அவர்கள் ஒரு லீக் வெற்றியைக்கூடப் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டாயிரம் பேரை எது கொண்டுவந்து உட்கார வைத்தது? நம்பிக்கை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மார்ச் 29க்குப் பிறகு நம்பிக்கைக்கு இடமே இல்லை, கணக்கே முடிந்துவிட்டது. பழக்கம் என்று சொல்லலாம். சீசன் முழுவதற்கும் டிக்கெட் வாங்கியாயிற்று, வேறெங்கே போவது என்றும் சொல்லலாம். இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் பழக்கம் சுகமான இடத்துக்குத்தான் ஆளை இழுக்கும். வாராவாரம் அவமானப்படுகிற இடத்துக்கு ஒருவன் போய் வருவதில் பழக்கத்துக்கு மேல் ஒன்று இருக்கிறது. தன்னால் மாற்ற முடியாத ஒன்று நடக்கும்போது அதன் பக்கத்தில் இருப்பது என்பது அது. மரணப் படுக்கையின் அருகே உட்காருகிறவனும் நோயை மாற்றப் போவதில்லை. அவன் அங்கே இருப்பதால் நடப்பது நடந்ததாகிறது.

அதற்காக ஆங்கிலேயனின் முறையைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. கிளப் இறங்கினால் முதலில் வேலை போவது ஆட்டக்காரனுக்கு அல்ல, சமையலறையிலும் டிக்கெட் ஜன்னலிலும் இருப்பவர்களுக்கு. இறங்கிய கிளப்புக்குச் சில வருஷங்கள் மேல்பிரிவின் பணத்தில் ஒரு பங்கு போகிறது. கீழே ஏற்கெனவே இருப்பவனுக்கு அது கிடையாது. 2023-24இல் புதிதாக ஏறி வந்த மூன்று கிளப்புகளும் அதே வருஷம் இறங்கின. 2024-25இல் வேறு மூன்று ஏறி வந்தன. அவையும் மூன்றுமே இறங்கின. ஏணி நிற்கிறது, ஆனால் மேல்படியில் எண்ணெய் தடவியிருக்கிறது. இருந்தாலும் 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் கூடி, தாங்கள் ஒருபோதும் இறங்கவேண்டாத தனி லீக் ஒன்றை அறிவித்தபோது, இரண்டு நாளில் அது சரிந்தது. தெருவுக்கு வந்து கத்தியவர்களில் அந்தக் கிளப்புகளின் ரசிகர்களே முன்னால் நின்றார்கள். தங்கள் கிளப் இனி விழவே விழாது என்ற வாக்குறுதியை அவர்கள் வேண்டாம் என்றார்கள். இது யோசிக்க வேண்டிய மறுப்பு.

3

சென்னை கடைசியில் கிடந்த அதே 2018-19 சீசனில் கோயம்புத்தூரில் இன்னொரு காரியம் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கிளப், பெயரில் சென்னையும் ஆட்டத்தில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியமுமாக, ஐ-லீக் என்ற மற்ற தேசிய லீகில் ஆடிவந்தது. இருபது ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு பின்னால் நின்றது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று பட்டத்தை எடுத்தது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி 21 கோல் போட்டார்.

ஆக, ஒரே வருஷம், ஒரே மாநிலம். ஒரு கிளப் ஒரு லீகில் முதல், இன்னொரு கிளப் இன்னொரு லீகில் கடைசி. கடைசியில் வந்தவன் இறங்க முடியாது. முதலில் வந்தவன் ஏற முடியாது. அந்த வருஷமே, 2019இல், இந்தியன் சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவு செய்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்தபோதே சென்னை சிட்டியின் காலடியிலிருந்து மாடி நகர்ந்துபோய்விட்டது. ஐ-லீகில் ஜெயித்தவன் மேலே போகலாம் என்ற கதவு 2022-23இல் திறந்தபோது சென்னை சிட்டி வாசலில் இல்லை. 2021-22 சீசனிலேயே அதன் பெயர் ஐ-லீகில் இல்லாமல் போயிற்று. பட்டியலின் அடியில் வந்ததனால் அல்ல. அது மைதானத்தில் விழவில்லை. காகிதத்தில் காணாமல் போனது.

இந்த இரண்டு கிளப்புகளையும் தனித்தனியே பார்த்தால் இரண்டு விளையாட்டுச் செய்திகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு சமூக அமைப்பு தெரிகிறது. ஒருவன் விழ முடியாது என்பதும் இன்னொருவன் ஏற முடியாது என்பதும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். மேலே இருக்கிறவனுக்குக் கொடுக்கும் அபயத்தின் விலையைக் கீழே இருக்கிறவன் கட்டுகிறான். பிழைப்பதற்கு ஆட்டம் தேவைப்படாத இடம் ஒன்றை நாம் வெகுகாலமாக அறிவோம். அதற்கு நம் பாஷையில் வேறு பெயர் இருக்கிறது. இங்கிருந்து தில்லை கூப்பிடு தூரம். அந்தக் கோயிலுக்குள் போக நந்தனார் நெருப்பில் இறங்கி வர வேண்டியிருந்தது. உள்ளே ஏற்கெனவே நின்றவர்களுக்கு அந்தப் பரீட்சை இல்லை. நெருப்பின் மகிமையைப் பாடியவர்கள் உண்டு. ஒரு சாராருக்கு மட்டும் ஏன் நெருப்பு என்ற கேள்வி பிற்பாடுதான் வந்தது. யோக்கியதை இருப்பவன் ஏறலாம் என்று சொல்லும் எந்த அமைப்பையும் ஒரு கேள்வியால் சோதித்துவிடலாம்: யோக்கியதை இழந்தவன் அங்கே இறங்குகிறானா? இறங்கவில்லை என்றால் ஏணி சுவரில் வரைந்த படம்தான்.

4

இனி, முன்னால் தள்ளிவைத்த கேள்வி. தண்டிக்காமல் விட்டது நல்லதுதானே?

சென்னைக்கு நல்லது நடந்தது என்பதை மறைக்க முடியாது. கிரிகரியை உடனே அனுப்பிவிடவில்லை. அடுத்த சீசனும் மோசமாகவே ஆரம்பித்த பிறகுதான் அவர் போனார். ஓவன் காய்ல் வந்தார். அணி எழுந்தது. லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் இறுதி ஆட்டம், கல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள். கொரோனாவால் மைதானத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் கிடந்த ஒரு வருஷத்துக்குள் இறுதி ஆட்டத்தில் நின்ற அணியை, முந்தைய வருஷம் கீழே தள்ளியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. தண்டனை சில சமயம் எழும் சக்தியையே ஒடித்துவிடும். பரீட்சையில் தவறிய பையனை வீட்டைவிட்டுத் துரத்துகிற தகப்பனை நாம் மெச்சுவதில்லை.

ஆனால் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மன்னிப்பு ஒன்று, விலக்கு ஒன்று. மன்னிப்பதற்கு முதலில் நடந்தது என்ன என்று சொல்லியாக வேண்டும். தவறினாய், இது தோல்வி, இதன் பெயர் இது என்று சொன்ன பிறகு, இருந்தாலும் உன்னை விடுகிறேன் என்று ஒருவர் சொல்வது மன்னிப்பு. விலக்கில் முதல் வாக்கியமே இல்லை. விலக்கு பெற்றவனிடம் தவறு நடந்ததாகவே யாரும் சொல்லவில்லை; அவனுக்கு அது பொருந்தாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. மன்னிக்கப்பட்டவன் ஒரு கடனோடு எழுகிறான். விலக்கப்பட்டவனுக்கு எழ வேண்டிய அவசியமே இல்லை. எழுந்தால் அது அவன் இஷ்டம்.

சென்னைக்குக் கிடைத்தது விலக்கு. அதை மன்னிப்பு என்று நினைத்துக்கொள்வது தவறு. அந்த வருஷம் தோல்வியைத் தோல்வி என்று சொன்னவர்கள் மைதானத்தில் பாடிக்கொண்டு நின்ற ஒரு சிறு கூட்டம் மட்டுமே; சூப்பர் மச்சான்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்களும் அவர்களைப் போன்றவர்களும். விளைவில்லாத ஆட்டங்களுக்கு வந்து, விளைவு உண்டு என்பதுபோல வருத்தப்பட்டார்கள். நியதி செய்யத் தவறிய காரியத்தை அவர்கள் மனசால் செய்தார்கள். டெர்பியின் முப்பத்திரண்டாயிரம் பேருக்கு ஒரு நீதி பக்கபலமாக இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே இவர்களுடைய விசுவாசம் இன்னும் தனிமையானது.

ஊர்த் திடலில் நடக்கும் கபடிப் போட்டியில் தோற்ற அணி தன் வேனில் ஏறி ராத்திரியே ஊர் திரும்பிவிடும். அங்கே யாரும் தத்துவம் பேசுவதில்லை. தோற்றால் போக வேண்டும் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். மைக்கில் அந்த அணியின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார்கள். அந்த நன்றிக்கு மரியாதை இருக்கிறது. ஏனெனில் அவர்கள் போகிறார்கள்.

5

விழுதல் வேறு, இறங்குதல் வேறு. விழுவது நமக்கு நேர்வது. இறங்குவது நாம் செய்வது. கால்பந்தில் அணி விழுகிறது. அதனோடு இறங்குவதா வேண்டாமா என்பது பார்ப்பவனின் கையில் இருக்கிறது. ஆங்கில ரசிகன் தன் கிளப் இறங்குவதைச் சொல்லும்போது 'நாம் இறங்குகிறோம்' என்கிறான், தன்மைப் பன்மையில். ஒரு கோல்கூடப் போடாதவனுக்கு அந்தப் பன்மையில் என்ன உரிமை? கூட இறங்குகிறான் என்ற உரிமை. கீழ்ப்பிரிவில் சின்ன ஊர்களுக்கு பஸ் ஏறிப் போய் மழையில் நிற்கப்போகிறான் என்ற உரிமை.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருப்பவனுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே மூலவர் பூவராகர். பூமி நீருக்கடியில் போய்விட்டது. மேலே நின்றுகொண்டு அதை எடுக்க முடியாது. எடுக்க வேண்டியவன் பன்றியின் உடம்போடு சேற்றுக்குள் போகிறான். பக்தியின் பக்கத்தை விட்டுவிட்டே பேசுகிறேன். அவதாரம் என்ற சொல்லுக்கே இறங்குதல் என்றுதான் பொருள். நாம் அதைப் பெருமைச் சொல்லாக்கி, சினிமா நடிகனுக்கும் அரசியல்வாதிக்கும் சூட்டி, அதில் இருந்த இறக்கத்தை மறந்துவிட்டோம். மாசி மகத்துக்கு இந்த உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். அங்கே முஸ்லிம்கள் அவரை வரவேற்கிறார்கள். கர்ப்பகிருகத்தை விட்டு இறங்காதவருக்கு அந்த வரவேற்பு கிடைத்திருக்காது. இறங்குகிறவனுக்கே வழியில் மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

இதைக் கால்பந்தோடு ஒட்டவைத்து ஒரு உருவகம் செய்யும் உத்தேசம் எனக்கில்லை. சொல்ல வருவது சின்ன விஷயம்தான். இறக்கத்தை அவமானமாக மட்டுமே பார்க்கிற மனம்தான் இறக்கமே இல்லாத லீகைக் கற்பனை செய்யும். இறங்குவதிலும் ஒரு செயல் இருக்கிறது, அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆட்டம் இருக்கிறது, எடுக்க வேண்டிய ஏதோ ஒன்று அடியில் கிடக்கிறது என்று தெரிந்த மனம் இடத்தைப் பத்திரம் பதிந்து வைத்துக்கொள்ளாது.

6

நம் எழுத்துலகத்துக்கு வருவோம். இங்கேயும் இறக்கம் கிடையாது. ஒருமுறை உள்ளே இடம் கிடைத்துவிட்டால் அடுத்த பத்துப் புத்தகமும் கடைசி இடத்தில் வரலாம். பாராட்டுக் கூட்டம் நடக்கும், மாலை வரும், தொகுப்புகளில் பெயர் இருக்கும். மோசமான புத்தகத்தை மோசம் என்று எழுதினால் பெரியவரைப் புண்படுத்தியதாக ஆகிறது. அவருடைய பழைய நல்ல புத்தகத்தைக் காட்டி இதற்கும் மரியாதை கேட்கிறார்கள். அவருக்கு நாம் தருவது மன்னிப்பு அல்ல, விலக்கு. அதனால் அவருக்கே நஷ்டம். விழுந்ததாக யாரும் சொல்லாததால் அவர் எழவும் இல்லை. இதே நேரம் எங்கோ ஒரு ஊரில் நாற்பத்து மூன்று புள்ளிகளோடு ஒருவன் முதல் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு மாடி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

விமரிசனத்தின் வேலை தண்டிப்பது என்று நான் சொல்லவில்லை. தண்டிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அது யாரையும் எங்கும் இறக்கிவிட முடியாது. அதன் வேலை அந்த முதல் வாக்கியத்தைச் சொல்வது. இது விழுந்தது, இங்கே விழுந்தது, இந்தக் காரணத்தால் விழுந்தது. பிறகு மன்னிப்பதும் மறப்பதும் படிக்கிறவன் பாடு. பதின்மூன்று தோல்விகளுக்கும் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருந்த அந்தச் சிறு கூட்டம் செய்ததும் இதுதான். அன்பும் கணக்கும் அவர்களிடம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. நம்மிடம் ஏன் சண்டை போட வேண்டும்?

சிறு பத்திரிகைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதற்கு அபயம் கொடுக்க யாரும் இல்லை. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் ஆரம்பித்து 1970இல் 119 இதழ்களோடு நின்றது. அதை இறக்கமற்ற லீகில் வைத்திருந்தால் இன்றும் வந்துகொண்டிருந்திருக்கலாம், ஒன்றும் சொல்லாமல். நிற்க முடிந்தது என்பதால்தான் அதில் வந்த ஒவ்வொரு இதழும் ஒரு ஆட்டமாக இருந்தது. இந்தப் பத்திரிகையும் ஒருநாள் நிற்கும். அதுவரை வரும் இதழ்களில் யாருக்கும் விலக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதை எழுதுகிறவனையும் சேர்த்து.